பலகைக்கு நாற்பது சொல்

வண்டியின் வரலாறு வேண்டும், நாற்பது சொல்லுக்குள்,
பித்தளைப் பலகையில் அதற்குமேல் இடமில்லை என்றார் மேலாளர்.
ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருஷம் ரசீது எழுதியவள்,
சுருக்க வரும் என்று என்னிடம் தந்தார்கள்.

பதிவேட்டை எடுத்தேன்.
அறுபத்து மூன்றில் சேஸிஸ் வந்தது.
அயனாவரத்தில் கூடு கட்டினார்கள்.
தேக்குச் சட்டம், அலுமினியத் தகடு,
கூரையோரம் மணிக்கயிறு.
இதுவரைக்கும் சரி.

அறுபத்தேழில் முன்கண்ணாடி மாற்றம்: கல்.
எழுபத்திரண்டில் முன்கண்ணாடி: கல்.
எழுபத்தாறில்: புயல், மரம்.
எழுபத்தொன்பதில் மறுபடி.
காரணம் என்ற கட்டத்தில் யாரோ ஒருவர்
'ஊர்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

எஞ்சின் வேறொரு வண்டியுடையது. அந்த வண்டி
பேசின் பிரிட்ஜில் எரிந்துபோனது.
பின்படி மூன்றாவது. தளம் நான்காவது.
ஸ்டியரிங் சக்கரம் புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கினது;
எந்த வண்டியைத் திருப்பியதென்று
விற்ற சோலையப்பனுக்கே தெரியாது.

நிறத்தைச் சுரண்டிய பெயின்டர் ஏகாம்பரம் வந்து சொன்னார்:
பச்சைக்குக் கீழே கிளிப்பச்சை, அதன் கீழே சிவப்பு,
அதற்கும் கீழே இன்னொரு சிவப்பு,
அது கொஞ்சம் வெட்கப்படுகிற சிவப்பு.
எதை வைக்கட்டும்?
கமிட்டி மூன்று மாதம் கூடி
போட்டோவில் இருப்பதை வை என்றது.
போட்டோ கறுப்பு வெள்ளை.

எண்பத்தொன்றில் 'தகுதியற்றது' என்று முத்திரை.
பிறகு ஊழியர்களை ஏற்றிப் போனது.
பிறகு பிரேக்டவுன் ஆனவற்றை இழுத்து வந்தது.
பிறகு, வயிறு நிறையப் பழைய டயர்களோடு
சுவரோரம் நின்றது, முப்பது வருஷம்.
ஓடியதைவிட நின்றதுதான் அதிகம்.
இதை எழுதக்கூடாது என்றார் மேலாளர்.

சீட்டுப் பலகைகளைக் கழற்றியபோது கிடைத்தவை:
ஐந்து பைசா பதினாலு, கொண்டை ஊசிகள்,
ஓட்டை குத்திய டிக்கெட்டுகள், குத்தாதது ஒன்று,
ஒரு திருகாணி.
டிக்கெட்டுகள் கண்ணாடிப் பேழைக்குப் போயின.
திருகாணியை என் பதிவேட்டில் ஏற்றினேன்:
தங்கம், அரைக் கிராம்கூட இராது, உரியவர் வரவில்லை.
அன்று வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாளோ.

கொண்டுபோன அன்று விடிகாலை ஐந்தரை.
ஓட்டியது மஸ்தான் கனி, பின்சீட்டில் பதிவேட்டோடு நான்.
டவுட்டனில் ஒரு கை நீண்டது.
மஸ்தான் கனியின் கால்
யாரையும் கேட்காமல் பிரேக்கை மிதித்தது.
இடுப்பில் மீன்கூடையோடு ஒருத்தி ஏறினாள்.
"இன்னாபா இன்னிக்கு இவ்ளோ லேட்டு?
லேடீஸ் ஃப்ரீ தானே இது?"
யோசித்துவிட்டு, ஆமாம் என்றேன்.

வண்டியை அவள் பார்க்கவே இல்லை.
வார்னிஷ் காயாத சீட்டில் கூடையை வைத்தாள்.
காலிக் கூடைதான். என்றாலும்
நேற்றைய வஞ்சிரத்தின் தண்ணீர் சொட்டியது.
இது ஓடிய நாளில் கூடையோடு ஏற விட்டதில்லை,
விசில் ஊதி இறக்கிவிடுவார்கள்;
புகார்ப் புத்தகத்தில் அதுவும் இருக்கிறது,
கைநாட்டோடு, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது.

பார்க் ஸ்டேஷன் நெருங்கும்போது எழுந்து
கண்டக்டரைத் தேடினாள். காணோம்.
எட்டிக் கயிற்றை இழுத்தாள்.
மணி அடித்தது.
அது அடிக்குமென்று
எங்கள் யாருக்கும் தெரியாது.
சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடந்து மறைந்தாள்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் மூக்கைச் சுளித்தார்.
ஊதுபத்தி கொண்டுவரச் சொன்னார் மேலாளர்.

பலகையில் முப்பத்தெட்டு சொல்தான் வந்திருக்கிறது.
இரண்டுக்கு இடமிருக்கிறது,
என்ன போடலாம் என்று கேட்கிறார்கள்.
வாசம் போகட்டும்,
அப்புறம் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறேன்.